தொட்டிலில் தூங்கிய அரக்கன்

போன மாதம் மலாக்கா டவுனில் ஒரு புத்தகக் கடையில் அந்த மாயாஜால நாவலைப் புது அட்டையோடு பார்த்தேன். நியாலாஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் பத்தாவது வயதை முழுசாக விழுங்கிய கதை அது. கடலுக்கடியில் ஒரு நகரம், வாசலில் கண் மூடவே தெரியாத ஓர் அரக்கன், உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு மீனவப் பெண். வீட்டுக்கு வந்ததும் சமையலைத் தள்ளிப்போட்டுவிட்டு வாசித்தேன். கடைசியில் எனக்கு உயிரான இடம் வரும். அவள் இரண்டு மலைகளுக்கு நடுவே சாரோங் துணியில் தொட்டில் கட்டி, அரக்கனைப் படுக்கவைத்து ஆட்டித் தூங்கப்பண்ணுவாள்.

வரவில்லை. எங்கிருந்தோ ஓர் இளவரசன் குதிரையில் வந்து அரக்கனின் தலையை வெட்டினான். கடலுக்கடியில் குதிரை எப்படி ஓடியது என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணம், சுபம்.

பதிப்பித்தவர்கள்தான் முடிவில் கைவைத்துவிட்டார்கள் என்ற கோபத்தில் செங் வட்டாரத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். ஃபேக்டரியிலிருந்து அப்போதுதான் வந்த களைப்பிலும் அவள் சிரித்தாள்.

"தொட்டில் புக்குல இல்லடி. அது நீ சொன்னது லா. சரஸ்வதி பூஜை மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தேன்.

அது டீச்சர் இரவல் கொடுத்த புத்தகம். தினமும் சாயங்காலம் எங்கள் லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் காட்டுவேன். அந்த நேரத்தில் மட்டும் லயத்துக்கே நான்தான் பெரிய மனுஷி. கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சமிருந்த நாளில் சரஸ்வதி பூஜை வந்தது. பள்ளிப் புத்தகங்களோடு நாவலையும் சேர்த்து அக்கா சாமி முன்னால் அடுக்கிச் சந்தனம் வைத்துவிட்டாள். மறுநாள் காலைப் பூஜை முடியும்வரை அதைத் தொடக்கூடாது. தொட்டால் படிப்பு ஏறாது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

பிள்ளைகள் வழக்கம்போல வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"இன்னிக்கு முடிஞ்சிரும்னு சொன்னல்ல, சொல்லு லா," என்றான் எதிர்வீட்டுப் பையன்.

கையை விரித்தால் நாளைக்கு யார் என்னை மதிப்பார்கள்? உள்ளே ஸ்பிரிங்கில் தொங்கிய சாரோங் தொட்டிலில், தூங்கமாட்டேன் என்று அடம்பிடித்த தம்பியை அம்மா ஆட்டிக்கொண்டிருந்தாள். என் வாய் தானாகத் திறந்தது. அரக்கனை யாரும் ஒருநாளும் தொட்டிலில் போட்டு ஆட்டியதில்லை, அதனால்தான் அவனுக்குத் தூங்கத் தெரியவில்லை என்றேன். மீனவப் பெண் கப்பல் பாய்களைத் தைத்துப் பெரிய சாரோங் ஆக்கினாள். அவள் ஆட்ட ஆட்ட அலை எழும்பியது. அரக்கன் கொட்டாவி விட்டான், எதிர்வீட்டுப் பையனும் விட்டான். நகரமே பூனைநடை நடந்து வெளியேறியது. கதை முடிந்ததும் பிள்ளைகளும் சத்தம் போடாமல் பூனைநடை நடந்தே வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை நிஜ முடிவை வாசிக்க ஓடினேன். நாவல் அங்கே இல்லை. அம்மா விடிந்ததுமே பூஜையை முடித்து, அதை அக்கா கையில் டீச்சரிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். டீச்சர் மாற்றலாகிப் போகிறாராம், இரவல் பொருள் நம்மிடம் தங்கக்கூடாதாம். உலகத்திலேயே கல்நெஞ்சுக்காரி என் அம்மாதான் என்று முடிவுகட்டி, அன்று பகலெல்லாம் அவளோடு பேசவில்லை.

"அம்மா சாமி கும்பிட்டுட்டு அங்கேயே ஒக்காந்து கடைசிப் பக்கத்தெல்லாம் படிச்சாங்கடி," என்றாள் அக்கா. "படிச்சிட்டு, 'நம்ம பிள்ள சொன்னதுதான் நல்லாருக்கு, இத அவ பாக்கவே வேணாம்'னு சொல்லித்தான் எங்கிட்ட குடுத்துவிட்டாங்க."

போனை வைத்துவிட்டுக் கூடத்தில் இரண்டு சுற்று நடந்தேன். உட்கார முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம். அச்சடித்த ஒரு புத்தகத்தைப் பத்து வயதில் நான் ஜெயித்திருக்கிறேன்.

நான் பேசாமல் இருந்த அன்று அம்மா சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் தம்பியைத் தொட்டிலில் போட்டதும், "அந்த அரக்கன் கதைய இன்னொரு தடவ சொல்லு," என்று மட்டும் கேட்டாள். தம்பியைத் தூங்கவைக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, முகத்தைத் தூக்கிவைத்தபடியே சொன்னேன்.