பேருந்து ஏறிய அணுகுண்டு

என் மகளின் தொலைவியக்கிப் பொம்மை மகிழுந்துக்கு மேற்கூடு செய்யப் பொருள் தேடினேன். தகரம் பொறிக்குச் சுமை. நெகிழித் தகடு மோதினால் விரிசல் விடும். பட்டாசுப் பெட்டி அட்டையே தேறியது. வழுவழுப்பான அச்சுப் பக்கத்தை வெளியே வைத்தேன். முகப்பில் 'அணுகுண்டு' என்ற சொல் பெரிதாக அமைந்துவிட்டது.

இன்று பதினொரு மணிக்கு விருதுநகரில் பந்தயம். சிவகாசியில் பேருந்து ஏறினோம்.

"பட்டாசு ஏத்தக் கூடாது அண்ணாச்சி, எறங்குங்க" என்றார் நடத்துநர்.

மேடைக் குரலில் முழங்கினேன்: "நடத்துநரே, இது வெறுங்கூடு. வெடிமருந்தின் ஒரு துகளும் இதனுள் இல்லை. இருப்பதாக மெய்ப்பிக்க முடியுமா?"

மகள் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்னிருக்கையில் இருந்த பட்டாசு ஆலைத் தொழிலாளியான அம்மையார் கூட்டை வாங்கி, கவிழ்த்து, மோந்து பார்த்தார்.

"மருந்து வாடையே இல்ல தம்பி. வெறும் அட்டை. வரட்டும், விடு."

நடத்துநர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப மருந்து அம்புட்டும் உங்களுக்குள்ளதான் இருக்கு. விருதுநகர் வரைக்கும் வாயைத் தெறக்காம வருவீகளா?"

"வருவாக" என்றாள் மகள்.

பேருந்து இருக்கையிலிருந்துதான் இதை எழுதுகிறேன். எழுத்து அச்சிடாத, எடை குறைந்த மேற்கூட்டுப் பொருள் அறிந்தோர் உடனே தெரிவியுங்கள். மாலையில் இதே பேருந்தில் திரும்ப வேண்டும்.