வேலியோரத்துக் கல்

உங்கள் அக்காவுக்கு அப்போது பத்து வயது. நீங்கள் இருவரும் பிறக்கவில்லை. அகதியாக வந்த இந்த நாட்டில், பார்க்டேல் என்ற பகுதியில், ஒரு வீட்டின் பேஸ்மென்றில், நிலத்துக்கு அடியில் இருக்கும் தளத்தில் இருந்தோம். பின்வளவில் வெண்டி போட வீட்டுக்காரர் ஒரு துண்டு நிலம் விட்டிருந்தார். வைகாசிக் கடைசியில் நான் கொத்திக்கொண்டு போக, அக்கா பின்னால் கல் பொறுக்கிக்கொண்டு வந்தாள். வேலியோரத்தில், முழங்கை ஆழத்தில், அவள் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கல் வந்தது. சாம்பல் நிறம். ஒரு பக்கம் தட்டை. மற்றப் பக்கத்து விளிம்பெல்லாம் சின்னச் சின்னதாகச் செதுக்கியதுபோல இருந்தது.

அந்தத் தவணை பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஆதிமனிதரைப் பற்றிப் பாடம். இது அந்தக் காலத்து மனிதர் செய்த ஆயுதம் என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நான் நம்பவில்லை. எழுத்தே இல்லாத காலத்தில் நடந்ததை யார் கண்டது? ஓர் எலும்பையும் இரண்டு கல்லையும் வைத்துக்கொண்டு, இப்படி நடந்தார்கள், இதைச் சாப்பிட்டார்கள் என்று புத்தகம் முழுக்க எழுதியிருந்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். என்றாலும் சாட்சி இல்லாத கதையை நம்பக்கூடாது என்று எனக்குத் தெரியும்.

எந்தக் கல்லை உடைத்தாலும் அப்படி விளிம்பு வரும் என்று அவளுக்குக் காட்ட, அதே நிறத்தில் ஒரு கல்லை எடுத்து, படியில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். இரண்டாகப் பிளந்தது. அடுத்தது தூளானது. நாலாவது என் பெருவிரலைப் பதம் பார்த்தது. அந்த விளிம்பு மட்டும் வரவேயில்லை. அதற்குப் பிறகு எனக்கு வேறு பயம் பிடித்தது. உண்மையாகவே பழைய கல்லாக இருந்தால்?

என்னோடு வேலை செய்த ஓர் அண்ணையிடம் கேட்டேன். அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்:

“அரசாங்கம் கிண்ட வந்தால் ஆக்களை வீட்டை விட்டு எழுப்பிப்போட்டுத்தான் கிண்டும். வீட்டுக்காரன் உன்னைச் சும்மா விடுவானே? உன்ர அகதிக் கேஸும் முடியேல்லை. உதைக் கொண்டுபோய் லேக்கில எறி.”

எறிந்துதான் இருப்பேன். அதற்குள் அக்கா வகுப்பில் சொல்லிவிட்டாள். பழம்பொருட்கள் வைத்திருக்கும் நூதனசாலையிலிருந்து ஒருவர் சனிக்கிழமை நூலகத்துக்கு வருகிறார், யாரும் எதையும் கொண்டுவந்து காட்டலாம் என்று ரீச்சர் ஒரு கடதாசி கொடுத்துவிட்டிருந்தார். பொருள் கிடைத்த இடத்தை அங்கே ஒரு வரைபடத்தில் குண்டூசி குத்திக் காட்டுவார்களாம். தன் கல்லுக்கும் ஓர் ஊசி வேண்டும், அவளுக்கு அது ஒன்றுதான் கதை. கொப்பியில் வளவைக் கீறி, தண்ணீர்க் குழாயிலிருந்து எத்தனை அடிமட்டத் தூரம் என்று அளந்தும் எழுதிவைத்திருந்தாள்.

வந்தவர் மெலிந்த வெள்ளைக்காரர். கல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிருகத்தோலிலிருந்து கொழுப்பைச் சுரண்டி எடுக்கிற கல் இது என்றார். வெள்ளைக்காரர் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பு இந்த ஏரிக்கரையில் வாழ்ந்த பூர்வகுடிகள் செய்தது. அக்கா எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு அவர் பேனையை எடுத்தார். எந்த வீதி? எந்த நாள்? எவ்வளவு ஆழம்? பக்கத்தில் வேறென்ன கிடந்தது? யார் பார்த்தது?

பிள்ளைகளே, அகதி விசாரணையில் என்னிடம் கேட்டதும் ஏறக்குறைய இந்தக் கேள்விகளைத்தான். அதற்கு முடிவு இன்னும் வந்திருக்கவில்லை. அக்கா கொப்பியை விரித்தாள். நான் அதன்மேல் கையை வைத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒரு பார்க்கில் கிடந்தது, எந்த இடமென்று ஞாபகமில்லை என்றேன்.

அவர் பேனையை மூடினார். எந்த ஆழத்தில், எதோடு கிடந்தது என்று தெரிந்தால்தான் அதன் காலத்தைக் கணிக்கலாம் என்று சொல்லி, கல்லைத் திருப்பித் தந்தார். ஊசி குத்தவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது, தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீற்காரில் அக்கா என் பக்கத்தில் இருக்கவில்லை. முன் சீற்றில் போய் இருந்தாள். இறங்கிய பிறகு கேட்டாள்.

“ஏனப்பா பார்க் எண்டு சொன்னனீங்கள்?”

“வீட்டுக்கு வந்திடுவாங்கள் பிள்ளை. உவங்கள் சிரிச்சுக்கொண்டுதான் எல்லாம் கேப்பாங்கள்.”

“அவர் எங்களைப் பற்றிக் கேக்கேல்லை. கல்லைப் பற்றித்தான் கேட்டவர். இப்ப கிளாஸில என்னை லையர், பொய் சொல்லுறவள் எண்டுவினம்.”

அந்தக் கிழமை முழுக்க, வெளியே கார் நிற்கும் சத்தம் கேட்டால் யன்னலுக்கு ஓடினேன். பேஸ்மென்ற் யன்னலால் கார்ச் சில்லுகள் மட்டும்தான் தெரியும். ஒருவரும் வரவில்லை. வந்தது ஒரு கடிதம், அக்காவின் பெயருக்கு. அவள் கொப்பித் தாளைக் கிழித்து, அப்பா இடத்தைப் பிழையாகச் சொல்லிவிட்டார் என்று எழுதி, ரீச்சர் மூலம் அனுப்பியிருக்கிறாள். கடிதத்தில் அவளுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். தாயோ தகப்பனோ இடத்தை உறுதிப்படுத்திக் கையெழுத்திட வேண்டுமாம். கிண்டப்போவதாக ஒரு சொல்லும் இல்லை. இல்லாததுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. மூன்றுதரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன்.

அவள் பேனையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு கை நோக மற்றக் கைக்கு மாற்றினாளே தவிர, கீழே வைக்கவில்லை.

கையெழுத்துப் போட்டேன். அதோடு விடவுமில்லை. அடியில் இன்னொரு வரி எழுதச் சொன்னேன்: இந்த நிலத்தில் நாங்கள் வாடகைக்கு இருப்பவர்கள் மட்டுமே, மண்ணுக்கடியில் இருப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை. அவள் சொன்னபடியே எழுதி, உறையை நக்கி ஒட்டினாள்.