குப்பையில் பார்த்த இரண்டாவது கோடு

என் தம்பி பொண்டாட்டி கலாவும் அவ வயித்துப் புள்ளையும் ஆபத்துல கிடந்ததுக்கு நான்தான் காரணம். இத சபையில உங்க முன்னாடி சொல்ல எனக்கு இவ்வளவு நாள் ஆச்சு. இந்த ரோஸி ஒரு வாயாடின்னு உங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா இத சொல்ல மட்டும் வாய் வரல. கர்த்தர் செஞ்ச உதவிய மறைச்சு வெச்சா அது துரோகம். அதான் சொல்றேன்.

நடமாட்டக் கட்டுப்பாட்டையெல்லாம் எடுத்துட்ட நேரம் அது. கட்டுப்பாடுதான் போச்சு, கோவிட் போகல. எங்க ஊரு பாசிர் கூடாங்ல ஃபேக்டரி பஸ்ஸுல பழையபடி நெருக்கி உக்காந்து போனோம். என் லைன்ல தினமும் ஒன்னு ரெண்டு பேர் வரமாட்டாங்க, 'பாசிட்டிவ்'னு மெசேஜ் மட்டும் வரும். அவங்க வேலையையும் நாங்களே சேத்து பாப்போம். தொண்டை கரகரன்னா மூக்குல குச்சி விட்டு டெஸ்ட் பண்றது பல் தேய்க்கிற மாதிரி ஆயிடுச்சு.

ஞாயித்துக்கிழமை சபை வாசல்ல காய்ச்சல் பாக்குற மெஷினோட நின்னது யாரு? நான்தான். மாஸ்க்க தாடையில மாட்டிக்கிட்டு வந்தவங்கள எப்படியெல்லாம் திட்டியிருக்கேன்!

கலாவுக்கு அப்போ ஒன்பதாவது மாசம். புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயந்து அவ கோவிட் ஊசியே போடல. "பொறந்த பிறகு போட்டுக்கலாம்லா"ன்னு நானும் ஒத்து ஊதிட்டேன். எங்க குடும்பத்துல வளைகாப்பு வெக்கிறதில்ல. அதுக்குப் பதிலா வீட்டுல ஸ்தோத்திர ஜெபம். பொம்பளைங்க எல்லாரும் தலையில கை வெச்சு ஜெபிச்சிட்டு, ஏழு வகை சோறு செஞ்சு ஆளுக்கு ஒரு வாய் கையால ஊட்டுவோம். அந்த சனிக்கிழமை ஜெபம் என் வீட்டுல.

காலையில எழுந்து சமைக்கும்போது தொண்டை உறுத்துச்சு. மொளகா தாளிச்ச நெடின்னு நெனச்சேன். இருந்தாலும் டெஸ்ட் பண்ணி அடுப்பு மேடையில வெச்சேன். பதினஞ்சு நிமிஷம் காத்திருக்கணும். நான் எங்க காத்திருந்தேன்? புளி சோறு அடி பிடிக்குது, வாசல்ல ஆளுங்க செருப்பு கழட்டுற சத்தம் கேக்குது. அஞ்சு நிமிஷம்கூட ஆகல, எட்டிப் பாத்தேன். ஒரே கோடு, அப்போ கோவிட் இல்ல. அப்பாடான்னு வெங்காயத் தோலோட சேத்து குப்பையில போட்டுட்டேன். மத்தவங்களுக்கு வாசல்ல சட்டம் பேசுறவ, என் வீட்டு சமையலறையில பத்து நிமிஷம் பொறுக்கல.

பாட்டு பாடினோம். ஜெபம் பண்ணினோம். மூத்தவங்கிற முறையில மொத வாய் நான்தான் ஊட்டினேன். மாஸ்க்க கழட்டிட்டு, கன்னத்துல முத்தமும் குடுத்தேன்.

எல்லாரும் போன பிறகு, சாயங்காலம் குப்பைப் பையக் கட்டும்போது காலையில போட்ட அந்த டெஸ்ட் மேலயே கிடந்துச்சு. ரெண்டு கோடு. நேரம் கழிச்சுப் பாத்தா அது செல்லாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இன்னொன்னு எடுத்து டெஸ்ட் பண்ணினேன். ரெண்டே நிமிஷத்துல ரெண்டாவது கோடு பளிச்சுன்னு நின்னுச்சு.

நான் அப்போ பண்ணின ஜெபத்த கேளுங்க. "அப்பா, யாருக்கும் ஒன்னும் ஆகாம பாத்துக்கோங்க, நான் யாருக்கும் சொல்லாம இருந்துக்குறேன்." வெக்கக்கேடு! ஆண்டவர்கிட்டயே பேரம் பேசினேன். மனசுல ஒரு துளி சமாதானம் இல்ல. திரும்பத் திரும்ப முட்டி போட்டேன், அதே ஜெபம்தான் வந்துச்சு. கடைசியில அழுதுட்டேன். "என் மானம் போனா போகட்டும்ப்பா, கலாவையும் புள்ளையையும் காப்பாத்துங்க"ன்னு சொன்னேன். சொன்ன அடுத்த நிமிஷம் போன எடுக்க தைரியம் வந்துச்சு.

மொதல்ல தம்பி ஜேம்ஸுக்கு அடிச்சேன். கேட்டதும் அவன் போன வெச்சுட்டான். அப்புறம் ஜெபத்துக்கு வந்த ஒவ்வொருத்தருக்கும் அடிச்சேன். ஒரு ஆன்ட்டி, "நீதானே வாசல்ல நின்னு எங்கள வெரட்டுவ?"ன்னு வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க. வாய மூடிக்கிட்டு கேட்டுக்கிட்டேன்.

ஆனா ஜேம்ஸ் சும்மா இல்ல. உடனே கிளினிக்குக்குக் கூப்பிட்டுக் கேட்டிருக்கான். புள்ளத்தாச்சி, ஊசி போடலன்னதும் அங்க இருந்த நர்ஸ் மிஸ்ஸி, விரல்ல மாட்டி ஆக்சிஜன் பாக்குற சின்ன மெஷின் வாங்கி நாலு மணிக்கொரு தரம் பாருங்க, தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போனா காத்திருக்காதீங்கன்னு சொல்லியிருக்காங்க.

மூணாவது நாள் கலாவுக்குக் காய்ச்சல், டெஸ்ட்டும் பாசிட்டிவ். நான் என் ரூமுக்குள்ள பூட்டிக்கிட்டு கிடக்கேன், போய் ஒரு கஞ்சிகூட வெச்சுக் குடுக்க முடியல. ஜேம்ஸ் என்கூடப் பேசல, நம்பர மட்டும் அனுப்புவான். தொண்ணூத்தேழு. தொண்ணூத்தாறு. அஞ்சாவது நாள் மத்தியானம் வந்துச்சு, தொண்ணூத்திரண்டு.

கலா, "எனக்கு மூச்சு நல்லாதான் இருக்கு, மெஷின் கெட்டுப் போச்சு"ன்னு சிரிச்சாளாம். மெஷின் கெடல. ஆம்புலன்ஸ் வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. ஜேம்ஸ உள்ள விடல. அங்கேருந்து எனக்கு ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டான். "அக்கா, ஜெபம் பண்ணுங்க." அவ்வளவுதான். என் தம்பி குரல் அப்படி ஒடைஞ்சு நான் கேட்டதே இல்ல.

ரெண்டு நாள் தரையிலேயே கிடந்தேன். ஜெபம்னா "ரெண்டு உசுருப்பா, ரெண்டு உசுருப்பா"ன்னு இதேதான். மூணாம் நாள் காலையில ஆக்சிஜன் ஏறுதுன்னு செய்தி வந்துச்சு. ஒரு வாரத்துல கலா வீட்டுக்கு வந்தா. மூச்சுத் திணறல் தெரியுற வரைக்கும் வீட்டுல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னாராம். அடுத்த மாசம் பொண்ணு பொறந்தா. மூணு கிலோ. அலமாக், அந்த அழுகைச் சத்தம் இருக்கே!

கலா என்கிட்ட நேராவே சொன்னா: "அக்கா, உங்க மேல எனக்குக் கோவம் இருந்துச்சு. கொஞ்சம் இன்னும் இருக்கு. ஆனா நீங்க அன்னிக்கே சொல்லலன்னா, அந்த மெஷின் எங்க வீட்டுல இருந்திருக்காது." அந்தக் கோவத்த நான் சந்தோஷமா வாங்கிக்கிட்டேன்.

இப்பவும் சபை வாசல்ல நிக்கிறேன். யாரையும் திட்டுறதில்ல, கைல மாஸ்க் குடுத்து உள்ள அனுப்புறேன். 'யாருக்கும் சொல்லமாட்டேன்'னு பேரம் பேசின என் மொத ஜெபத்தக் கர்த்தர் கேக்கல. அதுக்குத்தான் நான் அவருக்கு அதிகமா நன்றி சொல்றேன். உங்கள்ல யாராச்சும் எதையாச்சும் மூடி வெச்சுக்கிட்டு முட்டி போட்டுக்கிட்டு இருந்தா, எழுந்திரிங்க. யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்குப் போன் அடிங்க. அந்த போன் அடிக்கிற பலத்த அவர் குடுப்பார், எனக்குக் குடுத்தாரே.