என் கோடில் அழிந்த ஒரு பெயர்

மீனம்பாக்கத்தில் ஒரு தனியார் விமான நிறுவனத்தின் செக்-இன் கவுன்டரில் நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். செம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயில், திரிசூலத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் விமான நிலையம். பல்லாவரத்தில் என் பெட்டியில் வந்து ஏறுபவள் என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். மூன்று வயது மூத்தவள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வேலையில் தெரியாததை ஒருவருக்கொருவர் கேட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

நான்கு கவுன்டர்களுக்கு மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்தன. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. ஆளுக்கொரு அடையாளக் கோடு, ஆளுக்கொரு பாஸ்வேர்டு; யார் எதைச் செய்தாலும் திறந்திருக்கும் கோடில்தான் பதிவாகும். ஆள் மாறி உட்காரும்போதெல்லாம் முன்பிருந்தவர் கணக்கை மூடி, வருகிறவர் தன் கோடைப் போட்டுத் திறக்க வேண்டும். கம்ப்யூட்டரை இணைக்கும் டெலிபோன் லைன் சரியில்லாத நாட்களில் அதற்கே ஐந்து நிமிடம் ஆகிவிடும். வரிசையில் நிற்பவர்கள் எங்களைத்தான் திட்டுவார்கள்.

காலையில் ஒருவருடைய கோடில் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் திறந்து, மாலை வரை அப்படியே விட்டால் என்ன என்று மேனேஜரிடம் கேட்டது நான்தான்.

"நல்ல ஐடியாம்மா, பண்ணுங்க. எழுத்துல மட்டும் கேக்காதீங்க" என்றார்.

யாருடைய கோடு என்ற பேச்சு வந்தபோது அக்கா, "உன்னோடதே போடலாம்பா. நீதான் தெனமும் முதல்ல வர்றே" என்றாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. வரிசை பாதியாகக் குறைந்தது. மேனேஜர் வேறு ஊர்க் கிளை ஆட்களிடம் போனில் இதைச் சொல்லிப் பாராட்டினார். அந்தச் சில வாரங்கள் நான் மிதந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வந்து அக்காவிடமிருந்து கவுன்டரை வாங்கிக்கொண்டேன். பம்பாய் விமானத்துக்கு ஒரு பெரியவர் டிக்கெட்டை நீட்டினார். கூடுவாஞ்சேரிக்காரர். கையில் ஒரு துணிப்பை மட்டும். பெயரை அடித்தேன். பட்டியலில் இல்லை. மறுபடி அடித்தேன். இல்லை. விமானம் நிறைந்துவிட்டிருந்தது.

"நேத்தே கன்பார்ம்னு சொன்னாங்களேம்மா. என் தம்பி செத்துட்டான். சாயந்தரம் எடுக்குறாங்க. மொகத்தையாவது பாக்கணும்."

மேனேஜரிடம் ஓடினேன். ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். விமானம் கிளம்பிய பிறகும் அந்தப் பெரியவர் அங்கிருந்த இரும்பு நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய மகன் புகார் எழுதினார். தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்து, அச்சடித்த தாள் ஒன்றை என் முன் வைத்தார். பெரியவரின் பெயரை நீக்கி, அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் என் கோடு. நேரத்தைப் பார்த்தேன். நான் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம்.

எல்லோரும் என் கோடில்தான் வேலை செய்கிறோம், மேனேஜருக்கும் தெரியும் என்றேன். மேனேஜர் என் பக்கம் திரும்பாமலே, "அப்படி எந்த ஏற்பாடும் எனக்குத் தெரியாது சார்" என்றார்.

பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள். எனக்கு உயிர் வந்தது. அந்த நேரத்தில் என் கவுன்டரில் இருந்தவளே அவள்தான். மேசைக் கண்ணாடியைப் பார்த்தபடி, "அவங்கவங்க கோடுலதான் சார் நாங்க வேலை செய்வோம்" என்றாள்.

அன்று மாலை ரயிலில் அவள் பக்கத்திலேயே போய் நின்றேன்.

"ஏன்க்கா அப்டி சொன்னே?"

"பேரை எடுக்கச் சொன்னதே மேனேஜர்தான்பா. அவருக்கு வேண்டிய ஆள் யாரோ போகணுமாம். உண்மைய சொன்னா என் வேலை போயிடும். உனக்கு ஒரு மெமோவோட போயிடும்."

"எடுக்கும்போதே தெரியுமா, என் கோடுல பதியும்னு?"

அதற்குள் பல்லாவரம் வந்துவிட்டது. கூட்டத்தோடு இறங்கிப் போனாள்.

மெமோவோடு போகவில்லை. என்னைக் கவுன்டரிலிருந்து எடுத்து, காணாமல் போன பெட்டிகளைத் தேடும் பிரிவில் போட்டார்கள். பெரியவருக்கு அனுப்பிய மன்னிப்புக் கடிதத்தில் தவறு செய்தவர் என்று என் பெயரையே குறிப்பிட்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தோடு ஒருநாள் காலை அவர் என்னைத் தேடி வந்தார்.

"நீதானேம்மா? நான் உனக்கு இன்னா செஞ்சேன்?"

கோடு, பாஸ்வேர்டு, நான் சாப்பிடப் போனது, எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இதெல்லாம் எனக்குப் புரியலம்மா. பேரை எடுத்தது நீயா, இல்லையா?"

"நான் இல்லீங்க."

"அப்ப யாரு?"

மூன்றாவது கவுன்டரைக் கைகாட்டினேன். அக்கா யாருக்கோ போர்டிங் பாஸ் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொண்ணா? அன்னிக்கு நான் உக்காந்துகினு இருந்தப்ப அதுதானேம்மா எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. அதும் மேல ஏம்மா பழி போடுறே?"

கடிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். 

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை கிடைத்ததும் ராஜினாமா கொடுத்தேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். காரணம் கேட்கவில்லை.