குதிகால் அக்கா

யார் வீட்டுக்குப் போனாலும் அக்கா முதலில் தரையைத்தான் விசாரிப்பாள். உள்ளே வந்ததும் குதிகாலால் ஓங்கி ஒரு மிதி. சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு அப்புறம்தான் "நல்லா இருக்கீங்களா?" தம்பியின் மாமனார் வீட்டில் இதைச் செய்தபோது, பாவம் கால் மரத்துவிட்டது என்று மாமியார் தைலத்தோடு ஓடிவந்தார்.

கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டு வரைந்து கொடுப்பது அவள் தொழில். கொத்தனார் முதல் லாரி டிரைவர் வரை எல்லோருக்கும் அவள் குதிகால் அக்காதான்.

தம்பி இருந்த வேலையை விட்டுவிட்டுச் சலவைக்கூடம் தொடங்கினான். ஆஸ்பத்திரிப் போர்வைகளை வெளுக்கும் ராட்சத இயந்திரங்கள். சுழல ஆரம்பித்தால் ஜன்னல் கண்ணாடியும் சேர்ந்து நடுங்கும். தரை பிளந்தால் பிழைப்பும் போயிற்று. அதனால் தரையை அக்கா தலையில் கட்டினான்.

முதலில் அவள் வரைந்தது எளிமையானது. மண்ணை இறுக்கி, அதன் மேலேயே காங்கிரீட்டைப் படுக்கவிடுவது. குழி தோண்டிப் பார்த்த இடத்தில் மண்ணும் கெட்டியாக இருந்தது. ஆனால் பின்மூலையில் மிதித்துப் பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள். அங்கேயும் தோண்டச் சொன்னாள். உடைந்த செங்கல், பாட்டில், ஒற்றைச் செருப்பு என்று வந்துகொண்டே இருந்தது. யாரோ எப்போதோ குப்பையைக் கொட்டி மூடிய பள்ளம்.

"இந்த மண்ணை நம்பாதடா. இன்னிக்குத் தாங்கும், நாளைக்குக் காலை வாரிடும்."

"அப்ப தரை எது மேல நிக்கும்?"

"பீம் மேல. மாடி எப்படி நிக்குது, அதே மாதிரி. கீழ மண்ணு இருந்தாலும் இல்லைன்னுதான் கணக்கு."

ஆழத்தில் கெட்டி மண்ணைத் தேடி அஸ்திவாரம் இறங்கியது. பீம்கள் எழுந்தன, கம்பி கட்டி முடிந்தது. காங்கிரீட் லாரி வாசலில் உறுமிக்கொண்டு நின்ற காலையில் அக்கா வந்து குனிந்து பார்த்தாள்.

"நிறுத்துங்க!"

மண்ணில் படுக்கிற தரைக்கு மேல்பக்கம் வெடிக்காமல் இருக்கக் கம்பி மேலே இருக்கும். பீமுக்குப் பீம் தாவுகிற தரையோ பாரம் ஏறினால் நடுவில் தொய்ந்து அடியில்தான் கிழியும். அங்கே கம்பி அடியில் இருந்தாக வேண்டும். இங்கே கம்பி வலை முழுக்க மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.

தம்பி கம்பி கட்டுபவர் மேல் பாய்ந்தான். "கண்ணு எங்கய்யா இருந்துச்சு உனக்கு?"

அவர் வரைபடத்தை விரித்தார். "படத்துல இப்படித்தான் மேடம் இருக்கு."

அக்கா பார்த்தாள். தடிமனை மாற்றியிருந்தாள், கம்பியின் கனத்தை மாற்றியிருந்தாள். ஓரத்தில் இருந்த குறுக்குவெட்டுப் படம் மட்டும் முதலில் வரைந்த, மண்ணில் படுக்கிற தரையினுடையது.

"அவரைத் திட்டாதே. மாத்தாம விட்டது நான். தப்பு என்னோடது." லாரி டிரைவர் காதிலும் விழும்படி சொன்னாள்.

மென்று முழுங்கியிருக்கலாம். கம்பி கட்டுபவர் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா என்று பாதிப் பழியை அவர் பக்கம் தள்ளியிருக்கலாம். அவள் லாரியை வேறொரு வேலையிடத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, அவரோடு உட்கார்ந்து கம்பியை இறக்கிக் கட்டினாள். பீம் தாங்குகிற இடத்தில் தரை மேல்பக்கம் கிழியும், அங்கே மட்டும் மேல்கம்பி வேண்டும் என்று அவர் கேட்கக் கேட்கச் சொன்னாள். உண்மையில் பெரிய மனசுதான். ஆனால் தம்பிக்கு அன்று அது தெரியவில்லை. அக்கா கணக்கே தவறும் என்றால் இந்தத் தரையை எப்படி நம்புவது என்பதே மண்டையைக் குடைந்தது.

தரை போட்டு, இயந்திரங்கள் ஓட ஆரம்பித்து ஒரு மழைக்காலம் போனது. ஒரு நாள் இயந்திரத்தின் பக்கத்தில் வாளியை வைத்தபோது 'டொம்' என்றது. அக்கா பழக்கம் அவனையும் தொற்றியிருந்தது, குதிகாலால் மிதித்தான். உள்ளே காலி. அக்காவைக் கூப்பிட்டான்.

அவளும் வந்து மிதித்தாள். சிரித்தாள். வெளியே கூட்டிப்போய், சுவரடியில் இருந்த காற்றுத் துளையின் மூடியைக் கழற்றிக் கையை விடச் சொன்னாள். முழங்கை வரை போயும் மண் தட்டுப்படவில்லை.

"மண்ணு எறங்கிடுச்சுக்கா!"

"எறங்கட்டுமே. நாமதான் அது மேல நிக்கலையே."

மேலே இயந்திரம் ஈரப் போர்வைகளோடு முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. தம்பி கையைத் திருப்பித் தரையின் அடிப்பக்கத்தைத் தொட்டான். அன்று அவர்கள் இறக்கிக் கட்டிய கம்பிகள் அங்கேதான் காங்கிரீட்டுக்குள் இருந்தன. தலைமுடி அளவு விரிசல்கூட விரலில் படவில்லை.

"அக்கா, அந்தக் கம்பி கட்டுறவர் நம்பர் இருக்கா? அன்னிக்குத் திட்டினேன். அப்புறம் ஒரு வார்த்தைகூடச் சொல்லலை."

"இருக்கு, தரேன். முதல்ல கையை வெளிய எடு, பூரான் இருக்கும்."