அப்பாவின் பிடி

ஆகஸ்ட் பன்னிரண்டு, மாலை நாலேகால் மணிக்கு, குளியலறையில் வழுக்கி விழுந்திருந்த அப்பாவுக்கு மாற்றுவேட்டி எடுக்கப் பழைய பெட்டியைத் திறந்தபோது, தார்க்கயிற்றின் மணம் எழுந்தது. கடற்படையின் பாய்மரப் பயிற்சிக் கப்பலில் இருந்த அவர், விடுப்பில் வரும்போதெல்லாம், இன்று இடிந்துபோன எங்கள் சாணார்பட்டி வீட்டு மொட்டைமாடியில், ஒரு கையால் தொட்டிக்குழாயைப் பற்றிக்கொண்டே மறுகையால் என்னைத் தூக்குவார்.

"சாணார்பட்டி ஒண்ணும் ஆடாதுங்க. ரெண்டு கையாலயும் புள்ளையப் பிடிங்க" என்று அம்மா கேலி செய்வார்.

"ஒரு கை வேலைக்கு, ஒரு கை உசுருக்கு. பாய்மரத்துல அப்படித்தாம்மா பழக்குனாக."

பாய்களை இறக்கி அந்தக் கப்பலுக்கு ஓய்வு கொடுத்த பின்னும் அவர் கை எங்கும் எதையாவது தேடிப் பற்றிக்கொண்டே இருந்தது. இந்த வாடகைவீட்டுக் குளியலறையில்தான் அதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் காலை, வெல்டிங் பட்டறைக்காரரை அழைத்துவந்து அங்கே இரும்புக்குழாய் ஒன்றைப் பதிக்கச் செய்து, இரண்டு கைகளாலும் இழுத்துப் பார்த்தேன்.