மறுமுனையில் ஒரு ஸ்பானர்

பேய் என்று யாரேனும் பேச்செடுத்தால், "பேய்க்குக் கிளட்ச் மிதிக்கத் தெரியுமாலா?" என்று கேட்டுச் சிரிப்பவர் நாகரத்தினம். மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலிருந்த தேயிலைத் தோட்டத்தின் பட்டறையில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிட்டர் அவர். மூடுபனி இறங்கினால் எதிரில் நிற்கும் லோரியே தெரியாத இடம் அது. அவரோ கையால் தடவிப் பார்த்தே நட்டின் அளவைச் சொல்லிவிடுவார்.

தோட்டத்தில் ஒரே வகைக் கார்கள் இரண்டு இருந்தன. மலையேற்றத்தில் எஞ்சின் எண்ணெய் கொதித்துவிடாமல் இருக்க, அவற்றின் முகப்பில் ஆயில் கூலர் பொருத்தியிருந்தார்கள். அவற்றுள் ஒன்றை ஓட்டிவந்த சிங்காரம், 1977ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காரோடு பள்ளத்தில் விழுந்து இறந்துபோனார். மேலே இழுத்துவந்த காரைப் பட்டறைக்குப் பின்னால், முனியாண்டி சாமி கல்லருகே நிறுத்தினார்கள். முதலாண்டுத் திவசம் முடியும்வரை இறந்தவருடைய வண்டியில் ஸ்பானர் படக்கூடாது என்பது அந்தத் தோட்டத்து வழக்கம். நாகரத்தினமும் அதை மீறவில்லை. அச்சத்தால் அல்ல, சிங்காரத்தின் மனைவி தங்கம்மாவின் முகத்துக்காக.

திவசம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், தங்கம்மாவே பட்டறைக்கு ஓடிவந்தார். மகள் பவளத்துக்குப் பிரசவ வலி கண்டிருந்தது. குழந்தை குறுக்கே கிடப்பதாகவும், உடனே தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றும் தோட்டத்து மருந்தகத்தின் டிரெஸ்ஸர் சொல்லிவிட்டாராம். லோரிகள் யாவும் தேயிலையோடு கீழே இறங்கியிருந்தன. எஞ்சியிருந்த காரோ ஆயில் கூலர் பைப்பு வெடித்து, எண்ணெயைத் தரையில் கக்கிவிட்டு நின்றது. அதே மாதிரிப் பைப்பு சிங்காரத்தின் காரில் மட்டுமே இருந்தது.

"கழட்டு தம்பி. அவரு கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்," என்றார் தங்கம்மா.

ஓட்டுநர் கருப்பையா பின்வாங்கினார். "திவசம் முடியலண்ணே. செத்தவரு காடியில கைய வச்சா ஏறி உக்காந்துக்குவாருலா."

"உக்காரட்டுமே. போறது அவரு மகதானே? வழி சொல்லுவாரு," என்றார் நாகரத்தினம்.

"கிண்டல் பண்ணாதீங்க. நான் இங்கயே உடைஞ்ச பைப்பக் கழட்டி வைக்கிறேன். அந்தப் பக்கம் வரமாட்டேன்."

நாகரத்தினம் தனியாகவே போனார். பனி அந்தக் காரை முழுவதுமாக மூடியிருந்தது. எஞ்சின் பக்கத்து நட்டு எளிதில் கழன்றது. கூலர் பக்கத்து நட்டு அசையவே இல்லை. துணியால் துடைத்தபோது காரணம் விளங்கிற்று. ஆயுத பூஜைதோறும் சிங்காரம் அந்த நட்டின்மீது ஈரச் சந்தனத்தை அப்பியிருந்தார். அது திருகு மரைக்குள் இறங்கி, துருவோடு சேர்ந்து கல்லாகியிருந்தது. மேற்பரப்பில் மூன்று விரல்களின் தடம் அப்படியே இருந்தது.

ஊதுவிளக்கால் நட்டைச் சூடாக்கினார். கருகல் வாடை வரவில்லை. அப்போதுதான் அரைத்த சந்தனம் மணந்தது.

நட்டைத் திருப்ப இரண்டு கைகளும் வேண்டும். அதே நேரத்தில், சக்கரத்தின் பக்கமிருந்து இன்னொருவர் கூலரின் கழுத்தை ஸ்பானரால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் கழுத்தும் சேர்ந்து சுழன்று, பைப்பு முறுக்கிக் கிழிந்துவிடும். கருப்பையாவை இருமுறை கூப்பிட்டார்; அவர் வரவில்லை. தொலைவில், தொழிலாளர் லயத்தின் பக்கமிருந்து பவளத்தின் அலறல் மட்டும் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது.

வேறு வழி தெரியாமல், மறுமுனையில், கூலரின் கழுத்தில், ஒரு ஸ்பானரை மாட்டிவிட்டு முன்னால் வந்தார். வாய் தானாகவே முணுமுணுத்தது: "பிடிச்சுக்கண்ணே."

அழுத்தினார். மறுபக்கத்து ஸ்பானர் சுழலவில்லை. யாரோ முழங்காலை ஊன்றி இழுத்துப் பிடித்ததுபோல, எதிர்விசை அவருடைய மணிக்கட்டுவரை வந்தது. நட்டு ஒருமுறை கிறீச்சிட்டது. பிறகு வெண்ணெய்போலக் கழன்றது. நாகரத்தினம் மறுபக்கம் எட்டிப் பார்க்காமல், பைப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பைப்பு மாட்டிய கார் பவளத்தோடு தானா ராத்தாவை எட்டியது. அந்தி சாய்வதற்குள் அங்கே பவளத்துக்கு அறுவை செய்து ஆண் குழந்தையை எடுத்தார்கள், தாயும் பிழைத்தாள்.

மறுநாள் காலை ஸ்பானரை எடுக்கப் போனார். கூலரின் கழுத்தில் அது கிடைமட்டமாகவே நின்றது. காரெங்கும், ஸ்பானரின் வாயிலும்கூடப் பனித்துளிகள் கோத்திருந்தன. கைப்பிடியில் மட்டும், ஒரு கையின் அகலத்துக்கு, ஈரமே இல்லை. அவர் அதைத் தொடாமல் திரும்பிவிட்டார்.

எண்பத்தாறில் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்த ஸ்பானர் அங்கேயே இருந்தது. பேய்க் கதைகளுக்கு அவர் அதன்பின் சிரித்ததில்லை. இறுகிய நட்டு எதைக் கழற்றினாலும், எதிரில் ஆளே நின்றாலும், முதலில் மெல்லச் சொல்லிக்கொள்வார்: "பிடிச்சுக்கண்ணே."